புரிஞ்சுதுங்க டீச்சர்

போன மாதம் ஏற்காட்டில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முகாம் நடந்தது. 'ஆசிரியர் மாணவர் நல்லுறவு' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்ற நாலைந்து பேரை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் நல்ல பிள்ளை. நல்லுறவுக்கான வழிகளைச் சார்ட் பேப்பரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்றெல்லாம் சொன்னார். அதெல்லாம் சரி. கடைசியில், "மாணவர்கள் நம்மிடம் பணிவாகப் பேசுகிறார்கள் என்றால் உறவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்" என்று முடித்தார் பாருங்கள், எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

அனுபவம் பேச எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். சாப்பாடு ஆறிப்போகிறது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இளம் ஆசிரியைகள், "என்னமோ சொல்ல வந்தீங்களே டீச்சர், எழுதியாவது குடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். பேனாவை யாரும் பிடுங்க முடியாது.

நான் சேலத்துக்காரி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தேன். கரும்பலகையில் கோணாமல் எழுதுவது எப்படி, பாடக்குறிப்பில் எந்தப் பக்கம் கோடு போடுவது, துணைக்கருவி எப்படிச் செய்வது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எதிரில் உட்காரும் பிள்ளை நம்மிடம் வாய் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. எழுபதுகளின் பிற்பாதியில் மலைக்கு வேலை கிடைத்தது. மாரமங்கலம் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி நடக்க வேண்டிய ஊர். ஊர்ப்பெயர் வேண்டாம். இப்போது அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் பழைய பழியைக் கட்ட எனக்கு மனமில்லை.

எட்டாவது வரைக்கும் இருந்த நடுநிலைப் பள்ளி அது. பிள்ளைகள் இரண்டு பக்கமிருந்து வருவார்கள். காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒரு பக்கம். மேல்காட்டில் சாமையும் ராகியும் போட்டு, கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருந்த விவசாயிகளின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். லைன் பிள்ளைகள் வாயைத் திறந்தால் 'ங்க' வரும். "வர்றனுங்க டீச்சர்", "இல்லீங்க டீச்சர்" என்று தேனொழுகப் பேசுவார்கள். மேல்காட்டுப் பிள்ளைகள் அப்படியில்லை. வீட்டில் அம்மாவிடம் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் எல்லோரிடமும் பேசுவார்கள். "வா டீச்சரு", "நீ சொல்லு" என்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் பள்ளியில் பேசுவதில்லை. ஏனென்றால் அங்கே பெரிய சார் இருந்தார்.

பெரிய சார் என்றால் தலைமையாசிரியர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் மலையேறி, வெள்ளிக்கிழமை மாலைப் பஸ்ஸில் இறங்கிவிடுவார். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு மைக்கறை இருக்காது. பிரம்பைக் கையால் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. எந்தப் பிள்ளையையும் 'கண்ணு', 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். எங்களிடமும் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பார்த்தவர்கள் எல்லாம் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் என் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

இரண்டாம் வாரம்தான் 'மரியாதைப் பயிற்சி'யை நின்று கவனித்தேன். தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அது நடக்கும். கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார். "தண்ணி குடிக்கப் போகணும்னா எப்படிக் கேப்பே, கேளு சாமி" என்பார். 'ஐயா' என்று ஆரம்பித்து 'ங்க' என்று முடிக்க வேண்டும். நடுவில் தவறி ஒரு 'நீ' வந்துவிட்டால் பெரிய சார் ஒன்றும் சொல்லமாட்டார். கையை மட்டும் லேசாகத் தூக்குவார். வரிசையில் நிற்கிற அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் "ங்க!" என்று கத்த வேண்டும். தவறிய பிள்ளை திரும்பச் சொல்லும், திரும்பத் தவறும், திரும்ப "ங்க!" என்று ஊரே கத்தும். சரியாகச் சொல்லும் வரைக்கும் நடக்கும். சொன்ன பிறகு, "இப்ப நல்ல புள்ளை ஆயிட்டே கண்ணு" என்று தலையைத் தடவி அனுப்புவார். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க யாரிடமும் தண்ணீர் கேட்காது.

எஸ்டேட் பிள்ளைகளைக் காட்டி, "பாத்தீங்களா டீச்சர், இதுகளுக்குப் பண்பாடு இருக்குதுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது என்ன பண்பாடு? எஸ்டேட் துரைக்கும் ரைட்டருக்கும் கங்காணிக்கும் பயந்து பயந்து, அப்பனும் அம்மாவும் கைகட்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்து வாயில் ஒட்டிக்கொண்ட 'ங்க' அது. பயத்தைப் பண்பாடு என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி மனம் வந்தது? 'ங்க' போட்டுப் பேசுவது எங்கள் சேலத்துப் பேச்சின் அழகு. நானே அப்படித்தான் பேசுகிறேன். அதைக் கொண்டுபோய்ச் சாட்டைக்குப் பதிலாகப் பிடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனிமேல் செல்லியைப் பற்றி.

செல்லி மேல்காட்டுப் பெண். ஆறாம் வகுப்பு, நான்தான் வகுப்பாசிரியை. காலாண்டுத் தேர்வு வரைக்கும் அவள் குரலை நான் கேட்டதில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொல்லும் வரைக்கும் நிற்பாள். ஊமையோ என்றுகூட நினைத்தேன். பெரிய சார் ஒரு முறை கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்திருக்கிறார், அதிலிருந்துதான் இப்படி என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆண் ஆசிரியர்கள் பெரிய சார் அறையில் உட்காருவார்கள். நான் வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் என் டப்பாவைத் திறப்பேன். ஒரு நாள் செல்லி வந்து எதிரில் நின்றாள். கையில் ராகிக் களி உருண்டை வைத்த தூக்குப்போசி. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"நீ ஏன் டீச்சரு ஒண்டியா திங்கற?" என்றாள்.

பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்காத பாடம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. நான் திருத்தவில்லை. "யாரும் கூப்பிடலையே கண்ணு, நீ கூப்பிட்டா வர்றேன்" என்றேன். "அப்ப நகரு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து தினமும் உட்கார்ந்தாள். பின்னாலேயே இரண்டு, மூன்று என்று மேல்காட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். என் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு விரல் ஊறுகாய் போகும்.

வகுப்பிலும் செல்லி வாய் திறந்தாள். பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். எந்தப் பள்ளியிலும் எந்த வகுப்பிலும் இதற்கு ஒரே பதில்தான். "புரிஞ்சுதுங்க டீச்சர்!" என்று மொத்தமாகச் சொல்வார்கள். ஆசிரியத் தொழிலில் நான் கேட்ட மிகப் பெரிய பொய் அது. அன்றைக்குச் செல்லி எழுந்து, "எனக்கு ஏறல. நீ அடியில இருக்கறதப் பத்தி ஒண்ணுமே சொல்லல. இன்னொருக்கா சொல்லு" என்றாள். பகுதி எதற்கு, தொகுதி எதற்கு என்று நான் உண்மையிலேயே சொல்லவில்லை. திரும்ப நடத்தினேன். இரண்டாம் தடவை நடத்தியபோது 'புரிஞ்சுதுங்க' என்று கத்திய லைன் பிள்ளைகளின் முகத்திலும் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. ஒரு 'நீ' என் வகுப்பு முழுவதற்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்றால் நம்புவீர்களா? அரையாண்டில் அவள் கணக்கில் முதலாவதாக வந்தாள். டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். மேல்காட்டிலிருந்து அதுவரைக்கும் எட்டாவதைத் தாண்டிய பெண் கிடையாது.

பிறகு ஆய்வு வந்தது. கல்வி அதிகாரி ஜீப்பில் வந்திறங்கினார். பெரிய சார் இரண்டு நாளாகப் பிள்ளைகளுக்கு 'வணக்கம் ஐயா' பழக்கி வைத்திருந்தார். அதிகாரி என் வகுப்புக்கு வந்து தானே சுண்ணாம்புக்கட்டியை எடுத்துச் சதவீதக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரக்காரர். போட்டு முடித்து, "புரிந்ததா?" என்றார்.

"புரிஞ்சுதுங்க ஐயா!"

செல்லி எழுந்தாள். "எனக்குப் புரியல. நீ வெரசா சொல்ற. மெல்லச் சொல்லு" என்றாள்.

அதிகாரி ஒரு நொடி திகைத்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா, மெல்லவே சொல்றேன்" என்று அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். செல்லி தலையாட்டி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அவர் அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது ஆய்வுக் குறிப்பில் வகுப்பு நன்றாக இருப்பதாகத்தான் எழுதிவிட்டுப் போனார். ஆனால் வாசலில் நின்ற பெரிய சாரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதில் கோபம்கூட இல்லை. வேட்டியில் கறை பட்டுவிட்ட மாதிரி ஒரு அருவருப்பு.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்தது. பெரிய சார் செல்லியைக் கொடிக்கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார். "கண்ணு, உனக்கு மரியாதை நாக்குல ஒட்ட மாட்டேங்குது. இன்னிக்கு ஒட்டவெச்சுடலாம் சாமி" என்றார், தாலாட்டுப் பாடுகிற குரலில். பள்ளியில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் வரிசையாக அவள் முன்னால் வர வேண்டும். ஒவ்வொருவரையும் பார்த்து அவள் கும்பிட்டு, "வாங்க, உக்காருங்க, நீங்க நல்லாருக்கீங்களா" என்று சொல்ல வேண்டும். எட்டாவது பையன்களிலிருந்து ஆரம்பித்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். செல்லி சொன்னாள். ஏழாவது, ஆறாவது என்று அவள் கூடப் படிக்கிற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னாள்.

நான் அவரிடம் போனேன். "சார், போதும், நிறுத்துங்க. அந்தப் புள்ளை ஒண்ணும் தப்பா பேசலீங்க."

"நீங்க குடுத்த எடந்தானுங்க டீச்சர் இது. தயவுபண்ணி வரிசையைப் பாருங்க" என்றார், சிரித்த முகத்தோடு.

"இது பாவமுங்க சார்."

"மரியாதை கத்துக் குடுக்கறது பாவமுங்களா?"

மற்ற ஆசிரியர்களைப் பார்த்தேன். ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருத்தர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். இரண்டு காலுள்ள மனுஷர்கள், இரண்டு எட்டு வைத்து முன்னால் வர முடியவில்லை.

கடைசியில் ஒன்றாம் வகுப்பு வந்தது. அதில் செல்லியின் தங்கை இருந்தாள், ஆறு வயது. அக்காவின் முன்னால் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று தெரியாமல் மிரண்டு பார்த்தாள். செல்லி அதுவரைக்கும் அழவில்லை, அப்போதும் அழவில்லை. தங்கையைப் பார்த்துக் கும்பிட்டு, "வாங்க. உக்காருங்க. நீங்க நல்லாருக்கீங்களா" என்றாள். சின்னது ஓவென்று அழ ஆரம்பித்தது. அக்கா தன்னை இனிமேல் அக்காவாக வைத்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் அந்தக் குழந்தைக்குப் பட்டிருக்க வேண்டும். பெரிய சார் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

நான் அங்கேயே சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படி. "நாளையிலிருந்து இந்தப் பயிற்சி நடந்தா நான் பிரார்த்தனைக்கு வரமாட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளும் வரமாட்டாங்க." அன்று மதியமே எனக்கு மெமோ வந்தது. ஒழுங்கீனத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார். அதிலும் 'தாங்கள்' என்றுதான் எழுதியிருந்தார், மனுஷன்.

செல்லி மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சனிக்கிழமை மேல்காட்டுக்கு ஏறினேன். அவள் அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் பாயை விரிக்கவில்லை.

"புள்ளைய அனுப்பும்மா. இனிமே அப்படி நடக்க விடமாட்டேன்" என்றேன்.

"அவ மொளகு பறிக்கப் போறேங்கறா. அங்க பேச வேண்டாமாம்."

"நல்லா படிக்கிற புள்ளை. அவ பேசினதுல தப்பே இல்லைன்னு எனக்குத் தெரியும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க ஊட்டுக்கு ஃபாரஸ்ட்டுக்காரரு வந்தா 'ங்க'ன்னு பேசுவோம். கடன்காரரு வந்தா பேசுவோம். வேத்தாளு பாரு, பயம் இருக்குது. வயசான எங்க அவ்வாவ 'நீ'ன்னுதான் பேசறோம், சாமிய 'நீ'ன்னுதான் கும்பிடறோம். டீச்சரு நம்ம ஆளுன்னு இந்தக் கழுத நெனச்சுக்கிச்சு. வேத்தாளுன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

அப்போது செல்லி உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"வாங்க டீச்சர். குடிங்க" என்றாள்.

கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஏற்காடு போய், அந்தக் கல்வி அதிகாரியைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்தப் பொண்ணு கேட்டது எனக்குச் சந்தோஷமாத்தானே இருந்துச்சு" என்றார் அவர். உண்மையில் அவர் அதை மறந்தே போயிருந்தார். பெரிய சாரைக் கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சொன்னார்போலிருக்கிறது, மரியாதைப் பயிற்சி நின்றது. மெமோ அப்படியே கிடந்தது. நான் திரும்பத் திரும்ப மேல்காட்டுக்கு ஏறினேன். ஒரு நாள் அவள் அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பில் விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மதியம் மரத்தடியில் டப்பாவைத் திறந்து காத்திருந்தேன். செல்லி வரவில்லை. கூப்பிட்டேன். "நீங்க சாப்பிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் அவளும் சேர்ந்து சொன்னாள், "புரிஞ்சுதுங்க டீச்சர்." புரியவில்லை என்று அவள் விடைத்தாள் சொல்லும். "எங்கே புரியல, சொல்லு கண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். "இல்லீங்க டீச்சர், புரிஞ்சுதுங்க." எட்டாம் வகுப்பு வரைக்கும் அப்படியே ஓட்டினாள். எட்டாவதில் கணக்கில் பெயிலானாள். மிளகு பறிக்கப் போனாள். பெரிய சார் அந்த இரண்டு வருடமும் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அவளைக் காட்டி, "இந்தப் புள்ளை எப்படி இருந்துச்சு, இப்ப எவ்வளவு அடக்கமா இருக்குது பாருங்க" என்றார். அவர் ஓய்வு பெற்றபோது ஒழுக்கத்தின் சிகரம் என்று பாராட்டு மடல் வாசித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பணிவாகப் பேசினால் உறவு நன்றாக இருக்கிறதாம்! அந்தப் பயிற்சி இளைஞரே, நான் உங்களைத்தான் கேட்கிறேன். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து, நீங்கள் சொன்னது விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறதா? கேட்டிருந்தால் அந்த உறவு நன்றாக இருக்கிறது. அது 'ங்க' போட்டுக் கேட்டதா போடாமல் கேட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

நான் வேறு பள்ளிகளுக்கு மாறி, வாழவந்திப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, செல்லி பள்ளியை விட்டுப் பதினைந்து வருடம் கழித்து, ஒரு நாள் ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "நல்லாருக்கீங்களா டீச்சர்" என்று ஒரு குரல். செல்லி. இடுப்பில் மூட்டை, கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பெண் குழந்தை. நாலு வயது இருக்கும். என்னைக் கண்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒரு எட்டு தள்ளியே நின்றாள். ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றி, தங்கையைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவளாக எதுவும் கேட்கவில்லை.

என்னால் அடக்க முடியவில்லை. "செல்லி, என்னை ஒரே ஒரு தடவை 'நீ'ன்னு சொல்லேன் கண்ணு" என்றேன்.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அய்யோ, அதெப்படிங்க டீச்சர்" என்றாள்.

அதற்குள் அந்தக் குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தது. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்து, கண்ணை விரித்துக்கொண்டு, "நீ எதுக்கு..." என்று ஆரம்பித்தது.

செல்லியின் கை அதன் முதுகில் பட்டென்று விழுந்தது. "டீச்சருங்களுக்கு 'ங்க' போடு!"

குழந்தை அழவில்லை. என் சேலையை விட்டுவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டது. நான் குனிந்து, "என்ன கேட்டே சாமி, கேளு" என்றேன். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். பஸ் வந்து நான் ஏறுகிற வரைக்கும் அது வாயைத் திறக்கவே இல்லை.